ரெட்வுட் விதை கிட்: ரெண்டு ஸ்டார், அதுல ஒண்ணு தொட்டிக்கு

ஆன்லைன்ல "உலகின் மிக உயரமான மரம், உங்கள் வீட்டு மேசையில்"னு ஒரு விதை கிட் சுத்திக்கிட்டு இருக்கு, பாத்திருப்பீங்க. விக்கிறவன் பேர நான் போடல. ஒரே டப்பாவ அஞ்சாறு பேரு வேற வேற பேர்ல விக்கிறாங்க, ஒருத்தன சொல்லி என்ன ஆகப்போவுது. நான் போன ஆவணில 699 ரூபா குடுத்து வாங்கினேன். எட்டு ஒம்பது மாசம் வளத்துப் பாத்துட்டு தான் எழுதுறேன், டப்பா வந்த அன்னிக்கே "சூப்பர் பேக்கிங்"னு அஞ்சு ஸ்டார் போடுற ஆளு நான் இல்ல.

வீடு காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல. பெரிய வீடு, அதுல இப்ப இருக்கிறது நாங்க மூணே பேரு, அப்பச்சி, ஆத்தா, நான். மாடியில குரோ பேக்ல கத்திரி, வெண்டை, அவரைனு போட்டு ஏதோ ஓடிக்கிட்டு இருக்கு. அதனால செடி வளக்கத் தெரியாதவன் வாங்கிப் போட்டு காயவச்ச கதைனு நினைச்சுக்காதீங்க.

மொதல் கூத்து அந்த லிஸ்டிங்ல இருந்த தமிழ். ரெட்வுட்ட அப்படியே "செம்மரம்"னு போட்டிருந்தான், மெஷின் மொழிபெயர்ப்பு போல. பார்சல பிரிச்சு டப்பா மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர படிச்ச ஆத்தா "டேய் என்னடா இது, செம்மரம் கடத்துனான்னு டிவில காட்டுறானே அதுவா, போலீஸ் வந்து நிக்கப் போறான்"னு ஒரே பயம். அவங்களுக்கு புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆச்சு. நம்ம செம்மரம்ங்கிறது ஆந்திரா பக்கத்து மலைல வளர்ற செஞ்சந்தனம், இலை உதிர்ற மரம், வறட்சி தாங்கும். இது கலிபோர்னியா கடலோரத்து கோஸ்ட் ரெட்வுட், ஊசியிலை மரம், பைன் சாதி மாதிரி கோன், அதாவது கூம்புக்காய், காய்க்கிறது. ரெண்டுக்கும் கட்டை செவப்பா இருக்கும்ங்கிறத தவிர சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. இந்த ஒரு தப்புக்கே அரை ஸ்டார் கொறைக்கணும், ஏன்னா செம்மரம்னு நினைச்சு வெயில் தாங்கும்னு நம்பி வாங்குறவங்க நிச்சயம் இருப்பாங்க.

ரெண்டாவது கூத்து டப்பா மேல உள்ள போட்டோ. நல்லா யானைக்கால் மாதிரி பருத்த அடிமரம், அது பக்கத்துல எறும்பாட்டம் மனுஷங்க. கலிபோர்னியா சான் ஓசேல இருக்க என் சித்தப்பா மகனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். அவன் சிரிச்சுட்டு "இது ஜெயன்ட் செக்கோயாண்ணே, வேற மரம், நான் நேர்ல போய் பாத்திருக்கேன்"ங்கிறான். அது சியரா நெவாடா மலை மேல பனி கொட்டுற இடத்துல வளர்றது, ஜெனரல் ஷெர்மன்னு கன அளவுல உலகத்துலயே பெரிய மரம் அங்க தான் நிக்குது, உயரம் 84 மீட்டர் கிட்ட. நம்ம ஆளு கோஸ்ட் ரெட்வுட் அம்புட்டு பருமன் கிடையாது, ஆனா உயரத்துல அத தூக்கி சாப்பிட்டுரும். ஹைபீரியன்னு ஒரு மரம், 2006ல கண்டுபிடிச்சாங்க, 116 மீட்டர் கிட்ட. அப்பச்சிக்கு மீட்டர்ல சொன்னா ஏறாது, அதனால மதுரை மீனாச்சி கோயில் தெற்கு கோபுரம் இருக்குல்ல, அதே மாதிரி ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு தூக்கி வச்சாலும் இந்த மரத்தோட உச்சிய எட்டாதுனு சொன்னேன். அப்பச்சி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அம்புட்டு உசரத்துக்கு தண்ணி யாருடா தூக்கிக் குடுக்கிறது"னு கேட்டாரு. அப்ப அது எனக்கு சும்மா கேள்வியா தான் தெரிஞ்சிச்சு. பின்னாடி பாத்தா என் செடி செத்துப் போனதுக்கு காரணமே அந்தக் கேள்விக்குள்ள தான் இருந்திருக்கு, வர்றேன்.

டப்பாவுக்குள்ள இருந்தது 20 விதை, நாலு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) வில்லை, ஒரு சின்ன பீங்கான் தொட்டி, நாலு பக்க புக்லெட். தொட்டி நெசமாவே நல்ல தொட்டிங்க, நீலக் கலர், அடியில ஓட்டை ஒழுங்கா போட்டிருக்கான், தட்டும் குடுத்திருக்கான். அத தனியா வித்தா 200 ரூபா குடுக்கலாம். விதைய பாத்தா தான் சந்தேகம் வந்துச்சு, எள்ளு மாதிரி, அதவிட சப்பையா, காத்துல ஊதுனா பறந்துரும். இதுலருந்தா அம்புட்டு பெரிய மரம்னு. ஆனா அது நெசம் தான், இந்த மரத்து கோனே நெல்லிக்கா சைஸ் தான் இருக்குமாம், ஒரு கிலோ விதைய எண்ணுனா ரெண்டரை லட்சத்துக்கு மேல வரும். ஆக விதை விஷயத்துல ஏமாத்தல.

புக்லெட்ல ஒரு மாசம் ஈர டிஷ்யூல சுத்தி பிரிட்ஜ்ல வைக்கச் சொல்லிருந்தான். வச்சேன், மாவு டப்பாக்கு பின்னாடி. ஆத்தா ஒரு நாள் பழைய டிஷ்யூனு தூக்கி குப்பைல போட்டுட்டாங்க, குப்பைக்கார அக்கா வண்டி வர்றதுக்குள்ள ஓடிப்போய் எடுத்தேன். இம்புட்டு பாடுபட்டதுக்கு அப்புறம் தான் தெரியுது, கோஸ்ட் ரெட்வுட் விதைக்கு குளிர்ல வச்சு எழுப்ப வேண்டிய விதைத் தூக்கமே கிடையாதாம், ஈரமும் கொஞ்சம் சூடும் வெளிச்சமும் கெடச்சா உடனே மொளைக்கிற சாதியாம். வேற ஏதோ மரத்துக்கு அச்சடிச்ச புக்லெட்ட இதுக்கும் சேத்து போட்டுருக்கான்.

புரட்டாசி கடைசில ஊன்றி ஐப்பசில மொளைச்சுச்சு. எத்தன? மூணு. இருபதுல மூணு. இங்க தான் நெறைய பேரு ரிவ்யூல "மோசடி, விதை செத்த விதை"னு திட்டி வச்சிருக்காங்க. அந்தப் பழி மட்டும் விக்கிறவன் மேல போடாதீங்க, காட்டுலயே அப்படி தானாம், நெறைய விதை உள்ள ஒண்ணுமே இல்லாம வெறுங்கூடா இருக்கும், இல்ல டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் அடைஞ்சு கெடக்கும், நூத்துக்கு பத்து மொளைச்சாலே பெருசு. அதனால என் இருபதுக்கு மூணு நல்ல கணக்கு தான். ஆனா அத அவன் டப்பால எழுதிருக்கணும்ல, "80 சதவீதம் முளைப்புத் திறன்"னு எதுக்கு போடணும்.

சரி, மொளைச்சதுக்கு அப்புறம் ஒரு ரெண்டு மூணு மாசம் எனக்கு கெடச்ச சந்தோஷத்துக்கு தான் மிச்சம் ஒரு ஸ்டார். ஐப்பசி கார்த்திகை மழைல இங்க காத்து குளுந்து கெடக்கும்ல, வளவுல, அதான் வீட்டுக்குள்ள நடு முத்தத்த சுத்தி இருக்க தாழ்வாரத்துல, தூண் ஓரமா நேர் வெயில் படாத இடத்துல வச்சேன். ரெண்டே ரெண்டு வித்திலையோட வெளிய வந்துச்சு, அப்புறம் சின்னச் சின்ன ஊசி இலை ரெண்டு பக்கமும் தட்டையா சீப்பு மாதிரி அடுக்கி விட்டுச்சு. அத வச்சு தான் இது கோஸ்ட் ரெட்வுட் தான், போட்டோல இருந்த ஜெயன்ட் இல்லனு உறுதி பண்ணேன், ஜெயன்டுக்கு இலை இப்படி தட்டையா இருக்காது, செதில் மாதிரி குத்தும். நிழல்ல வளரக்கூடிய மரம் இது, பெரிய மரத்துக்கு கீழ இருட்டுல வருஷக்கணக்கா குட்டையாவே காத்துக் கெடந்து மேல இடம் கெடச்சதும் கெளம்புற ஆளு. அதனால வளவு அதுக்கு ஒத்துப்போச்சு. தை மாசத்துல ஒரு விரல் உயரம் வந்துருச்சு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாத்தையும் கூட்டிட்டுப் போய் காட்டினேன், "இது 380 அடி வளரும்"னு. ஒரு சொந்தக்கார ஆச்சி ஓட்டுக் கூரைய ஒரு தடவ அண்ணாந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க.

இடையில ஒண்ணு கார்த்திகைலயே போயிருச்சு, அடித்தண்டு நூலாட்டம் சுருங்கி ஒரே ராத்திரில சாஞ்சிருச்சு, நாத்தழுகல். அது என் தப்பு, மழை நேரத்துல தண்ணிய கூட ஊத்திட்டேன். மத்த ரெண்டும் நல்லா தான் இருந்துச்சு.

மாசி பொறந்து வெயில் ஏற ஆரம்பிச்சதும் இலை நுனி பழுப்பாச்சு. கஸ்டமர் கேர் சாட்ல போட்டோ அனுப்பி கேட்டேன். பதில் என்ன தெரியுமா, "செடிக்கு சூரிய ஒளி போதவில்லை, தினமும் 6 மணி நேரம் நேரடி வெயிலில் வைக்கவும்". பங்குனி மாசம் காரைக்குடி பக்கம் நேரடி வெயில்! நானும் படிச்ச முட்டாள் மாதிரி ஒரு செடிய மட்டும் மாடில கொண்டு வச்சேன். மூணே நாள், நாலாவது நாள் காலைல போய் பாத்தா அப்பளம் மாதிரி நொறுங்குது. அந்த சாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது மனுஷனா மெஷினானு தெரியல, யாரா இருந்தாலும் இந்த மரம் எங்க வளருதுனு ஒரு தடவ கூட பாத்தது கிடையாது. என் கோவம் எல்லாம் இதுல தான்.

அதுக்கப்புறம் தான் உக்காந்து ஒழுங்கா படிச்சேன், வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும். இந்த மரம் இயற்கையா இருக்கிற இடம் ஒரு ஒல்லிப் பட்டை. ஓரிகன் மாநிலத்து தெக்கு நுனில ஆரம்பிச்சு கலிபோர்னியா கரையோரமா 750 கிலோமீட்டர் நீளம், அகலம் பாத்தா சில இடத்துல பத்து கிலோமீட்டர் கூட இருக்காது. உலகத்துல வேற எங்கயும் தானா வளரல. ஏன் அந்தப் பட்டை மட்டும்னா மழை இல்ல காரணம், அது தான் எனக்கு ஆச்சரியம். அங்க மழை கம்மியான இடத்துல வருஷத்துக்கு 640 மி.மீ தான், நம்ம பக்கம் 900 கிட்ட பெய்யுது. மழை வர்ற மாசம் கூட கிட்டத்தட்ட நம்ம மாசம் தான், ஐப்பசில தொடங்குறது. அதுவுமில்லாம செம்மண்ணுக்கும் அதுக்கும் பெரிய சண்டை ஒண்ணும் இல்ல, லேசா அமிலத்தன்மை இருந்தா அதுக்கு புடிக்கும், ஆத்தோர வண்டல்ல தான் ரொம்ப உசரம் போகும்ங்கிறது வேற விஷயம். ஆக மழைக்கணக்கு மண்கணக்கு ரெண்டுலயும் நம்ம ஊரு பாஸ். ஃபெயில் ஆகுறது கோடைல.

அங்க கோடைல மழை கிட்டத்தட்ட கிடையாது, ஆனா பசிபிக் கடல் தண்ணி ஐஸாட்டம் குளுந்து கெடக்கறதால அதுக்கு மேல வர்ற காத்து மூடுபனியா மாறி ஆனி ஆடி மாசமெல்லாம் கரையேறி காட்டுக்குள்ள பூந்துரும். மரம் அத இலைல வாங்கி சொட்டுச் சொட்டா கீழ விட்டு தனக்குத்தானே தண்ணி பாய்ச்சிக்குது, இலை வழியாவே கொஞ்சம் உறிஞ்சியும் குடிக்குது. காட்டுக்கு வருஷத்துல கெடைக்கிற தண்ணில மூணுல ஒரு பங்கு வரைக்கும் இந்தப் பனில தான் வருதுனு அளந்து வச்சிருக்காங்க. அப்பச்சி கேட்டாருல்ல, அம்புட்டு உசரத்துக்கு தண்ணி யாரு தூக்கிக் குடுக்கிறதுனு, பாதி பதில் இது தான், மேல இருக்க கெளைக்கு தண்ணி மேலயே வருது. வேர்லருந்து இழுத்து அம்புட்டு உசரம் ஏத்துறது அதுக்கே திணறல் தான். அதனால தான் உச்சி இலையெல்லாம் சுருங்கி குட்டி செதிலாட்டம் இருக்குமாம், மரம் 130 மீட்டருக்கு மேல வளர முடியாதுனு கணக்கு போட்டதும் இத வச்சு தான்.

வெப்பம் கேட்டா இன்னும் மோசம். ரெட்வுட் காட்டுக்கு நடுவுல யூரேக்கானு ஒரு கடலோர ஊரு, ஜூலை மாச மதியத்துக்கே சராசரி 17, 18 டிகிரி தான். நமக்கு மார்கழி விடியக்காலைல கூட அம்புட்டு குளிராது. கத்திரி வெயில் நேரத்துல இங்க 40 டிகிரிய தொடும்போது ராத்திரி பத்து மணிக்கு கூட மாடித்தரை சுடும். பகல் வெயில கூட வலை கட்டி சமாளிக்கலாம்ங்க, ராத்திரி குளுமைக்கு எங்க போறது.

ஆனாலும் கடைசி செடிய விட மனசு வரல. வளவுல முத்தத்து ஓரமா மண்தொட்டிக்குள்ள தொட்டிய வச்சு சுத்தி ஈரமணல் போட்டு, மேல நனைச்ச சாக்கு, ஒரு மணிநேரத்துக்கு ஒருக்கா ஸ்ப்ரே. ஆத்தா "பெத்த புள்ளைக்கு கூட இப்படி விசிறுனது இல்லடா"ங்கிறாங்க. ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரை, பர்மா தேக்குத் தூணு, ஒசரமான கூரைனு வெயில் உள்ள வரக்கூடாதுனு தான் நம்ம பெரியவங்க வீடே கட்டி வச்சாங்க, ஆனா மனுஷனுக்கு சொகமா இருக்க 32 டிகிரி அதுக்கு அடுப்பு. உப்பில்லாத சம்பை ஊத்துத் தண்ணி கூட கொண்டாந்து ஊத்துனேன், இந்த மரத்துக்கு உப்பு ஆகாதுனு படிச்சதால. சித்திரை கடைசி வரைக்கும் தாக்குப் புடிச்சுச்சு. கத்திரி பொறந்து அஞ்சாறு நாளு, நான் ஒரு கல்யாணத்துக்கு தேவகோட்டை போய் ராத்திரி தங்கிட்டு வந்தேன், முடிஞ்சு போச்சு.

செத்தும் ஒரு மாசம் தூக்கிப் போடல. ஏன்னா இந்த மரம் அடியிலருந்து மறுபடி துளுக்கும்னு படிச்சிருந்தேன். ஊசியிலை மரங்கள்ல இது அபூர்வம், நம்ம வாழையடி வாழை மாதிரி. தாய்மரம் விழுந்தாலோ வெட்டுனாலோ அடிக்கட்டைய சுத்தி குட்டிங்க வட்டமா கெளம்பும், நடுவுல தாய் மக்கிப்போனதுக்கு அப்புறமும் அந்த வட்டம் நிக்கும். தீக்கும் அப்படி தான், பட்டையே ஒரு அடி தடிமன் வரைக்கும் வரும், பிசின் கிடையாது, அதனால லேசுல பத்தாது. 2020ல சான் ஓசே பக்கத்துல பிக் பேசின் பார்க்ல பெரிய தீ, பார்க்குல முக்காவாசிக்கு மேல எரிஞ்சு போச்சு. சித்தப்பா மகன் அப்புறம் போய் போட்டோ எடுத்து அனுப்புனான், கரிக்கட்டை மாதிரி நிக்கிற மரத்துல அடிலருந்து உச்சி வரைக்கும் பச்சப்பசேல்னு துளிர், ஸ்வெட்டர் போட்ட மாதிரி. அந்தப் போட்டோவ நம்பி தான் ஒரு மாசம் தண்ணி ஊத்துனேன். விரல் நீளச் செடிக்கு அந்த பலம் எங்கருந்து வரும், வரல.

அப்பச்சிக்கு மட்டும் வேற ஒரு கவலை, இந்தக் கட்டை எப்படினு. கரையான் லேசுல அரிக்காது, டானின் அதிகம்னு சொன்னதும் கண்ணு விரிஞ்சுச்சு. 1906 பூகம்பத்துக்கு அப்புறம் சான் பிரான்சிஸ்கோவ திருப்பிக் கட்டுனதுல நெறைய இந்தக் கட்டை தான், வெட்டி வெட்டி இப்ப பழைய காட்டுல நூத்துக்கு அஞ்சு பங்கு தான் மிச்சம்னேன். அப்பச்சி எங்க வீட்டுத் தூண ஒரு தட்டு தட்டி "பர்மால இதுக்கு எத்தன நின்னுச்சோ"ன்னாரு, அவ்ளோ தான், பேப்பர் படிக்கப் போயிட்டாரு.

மேசையில வைக்கிற போன்சாய் (தொட்டில வெட்டி வெட்டி குட்டையா வளக்கிற மரம்)னு விக்கிறானே அது பொய்யானு கேட்டா பொய் இல்ல, வெட்ட வெட்ட துளுக்கிற மரம்ங்கிறதால போன்சாய்க்கு தோதான மரம் தான், குளுந்த ஊர்ல வளக்கிறாங்க. நியூசிலாந்துல ரோட்டருவானு ஒரு இடத்துல 1901ல நட்ட காடு இன்னைக்கு ஜம்முனு நிக்குது. அதாவது ஊரு மாறுனா வளராதுனு இல்ல, குளுமையும் ஈரமும் இருக்கணும். டப்பால "இந்தியாவின் எல்லா தட்பவெப்பத்துக்கும் ஏற்றது"னு போட்டிருக்கானே, அந்த ஒரு வரி தான் பச்சப் பொய். அந்த வரிக்கு பதிலா "மலை ஊர்களுக்கு மட்டும்"னு போட்டிருந்தா நான் நாலு ஸ்டார் குடுத்துருப்பேன். காரைக்குடில நான் வழக்கமா நாத்து வாங்குற நர்சரிக்காரரு செத்த செடிய ஒரு பார்வை பாத்துட்டே சொல்லிட்டாரு, "அண்ணே இது மூஞ்சிய பாத்தாலே தெரியல, மலைச் செடிண்ணே, 699 ரூபாக்கு நான் உங்களுக்கு ரெண்டு மாங்கன்னும் ஒரு சப்போட்டாவும் குடுத்துருப்பேன்"னு.

ரீஃபண்ட் கேட்டேன், 30 நாள் தாண்டிருச்சுனு இல்லனுட்டான். பத்து தடவ சண்டை போட்டதுல ஒரு விதை பாக்கெட் மட்டும் ஃப்ரீயா அனுப்பி வச்சான். நீலத் தொட்டில இப்ப கருவேப்பிலை இருக்கு, நல்லா வருது. அந்த விதை பாக்கெட் பிரிக்காம அப்படியே பிரிட்ஜ்ல கெடக்கு, மாவு டப்பாக்கு பின்னாடி. கொடைக்கானல், கோத்தகிரி, ஊட்டி பக்கம் யாராவது வளத்துப் பாக்குறேன்னா சொல்லுங்க, அனுப்புறேன், கூரியர் காசு மட்டும் நீங்க குடுத்துருங்க.